உளுந்துக்குட்டியின் பால்பல்

யானை போச்சு, மயில் போச்சு, கடலாமையும் போச்சு. கடைசியில் கார்முகில் பிரித்த சீட்டில் 'நாய்' என்று இருந்தது.

"நாயா? போங்க டீச்சர்! நாயைப் பத்தி என்னத்த ஆராய்ச்சி பண்றது? அதான் தெருவுக்கு நாலு கெடக்கே!"

வரிச்சிக்குடிப் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது. வெண்மதி டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"தெருவுல கெடக்குறதைப் பத்தித்தான்டா நமக்கு ஒண்ணும் தெரியாது. சிறுத்தை வந்து உன் வீட்டு வாசல்லயா படுத்துக்கப் போவுது? மூணு பேரும் சேர்ந்து படிங்க, நாலு பேர்கிட்டக் கேளுங்க, எழுதுங்க. திங்கக்கிழமை சார்ட்டு சுவத்துல இருக்கணும். அம்மா அப்பாவையெல்லாம் வரச் சொல்லியிருக்கேன்."

மூன்று பேர் என்றால் கார்முகில், ஆக்சிலியா, ஓவியா. கார்முகிலுக்கு வாய் நீளம். ஆக்சிலியாவுக்குக் கையெழுத்து அச்சுப் போட்ட மாதிரி இருக்கும். அவள் அம்மா சலோமி தையல் மிஷின் வைத்திருப்பதால் ஸ்கேல், இஞ்சு டேப் எல்லாம் அவள் பொறுப்பு. ஓவியா படம் வரைவாள்.

'நாய்' என்று கேட்டதும் மற்ற இரண்டு பேருக்கும் சலிப்புத்தான் வந்தது. ஓவியாவுக்கு மட்டும் வலது கெண்டைக்காலில் யாரோ விரலால் தொட்டது போல இருந்தது. பாவாடையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

அங்கே இரண்டு புள்ளியும் ஒரு கீறலும் இருந்தன. போன வியாழக்கிழமை பட்டது. 'கருவ முள்ளு குத்திருச்சு' என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மாவும் மஞ்சளைக் குழைத்துப் போட்டுவிட்டு மறந்துவிட்டாள். கருவ முள் இரண்டு புள்ளியாகவா குத்தும் என்று கேட்க, நடவும் களையெடுப்பும் ஒன்றையொன்று துரத்தும் நாளில் அம்மா அமுதத்துக்கு நேரம் ஏது?

குத்தியது முள் இல்லை. உளுந்து.

உளுந்து ஒரு நாய்க்குட்டி. தோல் நீக்காத உளுந்து போல அப்படியொரு கறுப்பு. வாய்க்கால் மதகுக்குக் கீழே கத்திக்கொண்டு கிடந்ததை ஓவியாதான் தூக்கிவந்தாள். அவள் அப்பா மதியழகன் காரைக்கால் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருநள்ளாறுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். குட்டியைப் பார்த்த அன்றைக்கே சொல்லிவிட்டான்.

"பொட்டக் குட்டி வேற. சரி, இருந்துட்டுப் போவுது. ஆனா பாப்பா, யாரையாச்சும் கடிச்சுச்சுன்னு கேட்டேன், அன்னைக்கே திருநள்ளாறுதான்."

சுத்துப்பட்டு ஊர்களில் வேண்டாத நாய்க்குட்டிகள் எல்லாம் போய்ச் சேருமிடம் திருநள்ளாறு. அங்கே சனீஸ்வரன் கோயிலுக்குச் சனிக்கிழமை வரும் கூட்டம் பரிகாரம் என்று சொல்லி காக்காய்க்குச் சோறு வைக்கும், கறுப்பு நாய்க்கு பிஸ்கட் போடும். அங்கே விட்டால் பிழைத்துக்கொள்ளும், விட்டவருக்கும் பாவம் சேராது என்று ஊரில் ஒரு கணக்கு. அதனால்தான் உளுந்து விளையாட்டு வேகத்தில் காலைக் கவ்வியபோது ஓவியா வாயைத் திறக்கவில்லை. ரத்தத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு குட்டியின் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான்.

அப்படி மறைத்தும் உளுந்து தங்கவில்லை. மறுநாளே அமுதத்தின் கோழிக்குஞ்சு இரண்டைக் கவ்விப் போட்டது. "ஒண்ணு அது இருக்கணும், இல்ல என் கோழி இருக்கணும்" என்று அமுதம் நின்றாள். சனிக்கிழமை காலை மதியழகன் குட்டியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு கிளம்பினான். ஓவியா அழுதுகொண்டே தன் பச்சை ரிப்பன் ஒன்றை அதன் கழுத்தில் கட்டி அனுப்பினாள்.

இந்த வியாழக்கிழமை பள்ளி விட்டதும் மூன்று பேரும் ஓவியா வீட்டுக்கு வந்து தரையில் சார்ட்டை விரித்தார்கள். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. ஈரக் காற்றுக்குச் சார்ட்டின் ஓரம் சுருண்டு சுருண்டு எழுந்தது. ஒரு மூலையில் அரைப்படி, ஒரு மூலையில் ஆக்சிலியாவின் டிபன் பாக்ஸ், மற்ற இரண்டு மூலையிலும் மதியழகனின் ஸ்பேனர்கள்.

"ஸ்பேனரைத் தொலைச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டு மதியழகன் வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் கட்டைவிரலில் ஒரு பிளாஸ்திரி, அழுக்கேறிப் போயிருந்தது. 'ஸ்பேனர் நழுவிருச்சு' என்று போன வாரமே சொல்லியிருந்தான்.

"தலைப்பு 'நாய் நம் நண்பன்'. எழுதியாச்சு" என்றாள் ஆக்சிலியா. "அடுத்து பல்லு. பெரிய நாய்க்கு நாப்பத்திரெண்டு, குட்டிக்கு இருபத்தெட்டு. அது பால்பல்லு."

"எழுதிக்க. ஓவியா, நீ ஒரு பால்பல்லு வரை" என்றான் கார்முகில்.

ஓவியா வரைந்தாள். மெலிதாக, நுனி கூராக, ஊசியை வளைத்தது போல வரைந்தாள்.

"இவ்ளோ கூரால்லாம் இருக்காதுடி."

"இருக்கும். உளுந்துக்குப் பாத்துருக்கேன்."

வெண்மதி டீச்சர் கொடுத்த துண்டுப் பிரசுரம் ஒன்று இருந்தது. சுகாதார நர்சு பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டுப் போனது. ஆக்சிலியா அதை மாதா கோயிலில் வாசகம் வாசிக்கிற குரலில் வாசித்தாள்.

"'வெறிநோய் நாயின் எச்சில் மூலம் பரவுகிறது. கடித்தாலோ, பிறாண்டினாலோ உடனே தடுப்பூசி போட வேண்டும். குட்டி நாய்தானே என்று அலட்சியம் கூடாது.'"

ஓவியாவின் பென்சில் நின்றது.

"'அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிகவும் அரிது.'"

"அரிதுன்னா?"

"செத்துருவாங்கன்னு அர்த்தம்டா."

"அப்ப அப்படியே எழுத வேண்டியதுதான?"

"'தண்ணீரைக் கண்டால் அச்சம் ஏற்படும். தொண்டை இறுகி, விழுங்க முடியாது.'" ஆக்சிலியா நிமிர்ந்தாள். "இதுக்குப் படம் போடணும். ஓவியா, ஒரு சொம்பு வரைஞ்சு பக்கத்துல ஒரு ஆளு பயந்து ஓடுற மாதிரி போடு."

"எங்க மாமா சொல்லியிருக்காரு" என்று கார்முகில் குரலைத் தாழ்த்தினான். "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. சைக்கிள் பம்பு தண்டி இருக்குமாம். போடுறப்ப நாலு பேரு அமுக்கிப் பிடிச்சுப்பாங்களாம்."

"யாருக்குப் போட்டாங்களாம்?"

"யாருக்கோ. பேரா முக்கியம்?"

ஓவியா எழுந்து அடுப்படிக்குப் போனாள். பானை மூடியைத் தள்ளிவிட்டு உள்ளே பார்த்தாள். தண்ணீர் இருட்டாகத் தெரிந்தது. பயமாக இருக்கிறதா, இல்லையா? தெரியவில்லை. சொம்பில் மொண்டு குடித்தாள். இறங்கியது. இன்னொரு சொம்பு குடித்தாள். அதுவும் இறங்கியது. திரும்பி வந்து உட்கார்ந்து, சொம்பையும் ஓடுகிற ஆளையும் வரைந்தாள். ஓடுகிற ஆளுக்கு அவளை அறியாமலே இரட்டைச் சடை போட்டிருந்தாள். அழித்துவிட்டு மீசை வைத்தாள்.

அன்று தொடங்கியது. எழுந்ததும் ஒரு சொம்பு, பல் விளக்கி ஒரு சொம்பு, பள்ளிக்குக் கிளம்பும் முன் ஒன்று. பள்ளிக்கூடக் குழாயில் மணி அடிக்கிற போதெல்லாம் ஒரு வாய். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் தொண்டையைத் தாண்டுகிற வரைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். தாண்டியதும் அப்பாடா என்று இருக்கும். அரை மணி நேரத்துக்குத்தான் அந்த அப்பாடா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அமுதம் களையெடுப்பு முடிந்து சேறோடு வந்தவள், மகள் பானைக்கு முன்னால் நிற்பதை நின்று பார்த்தாள்.

"என்னடி, மாடு கழனித்தொட்டியில வாயை வச்ச மாதிரி? காலையிலேருந்து எத்தன சொம்பு?"

"தாகமா இருக்கும்மா."

"மழை பெய்யுது, ஊரே வெடவெடன்னு நடுங்குது. ஒனக்கு மட்டும் என்ன தாகம்?"

கேட்டுவிட்டாளே ஒழிய அமுதத்தின் முகம் மாறிவிட்டது. அவளோடு களையெடுக்க வருகிற நெரவி ஊர்க்காரி ஒருத்தியின் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் சர்க்கரை வியாதி. 'சும்மா சும்மா தண்ணி குடிச்சா அக்கா, நாந்தான் கவனிக்காமப் போயிட்டேன்' என்று அவள் வரப்பில் உட்கார்ந்து அழுததை அமுதம் மறக்கவில்லை. சற்று நேரத்தில் ஓவியா கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்தாள். அமுதம் மெல்ல அங்கே போய், அவள் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். மழை ஈரத்தில் எறும்பு எங்கே வரும்? வராதது நல்லதற்கா கெட்டதற்கா என்று தெரியாமல் உள்ளே வந்து, மகளின் டீயில் சர்க்கரை போடாமல் கொடுத்தாள்.

"என்னம்மா கசக்குது?"

"குடி. திங்கக்கிழமை ஆசுபத்திரிக்குப் போவணும் நாம."

ஓவியா டம்ளரைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"சும்மா. ஒரு ஊசி குத்திப் பாப்பாங்க."

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள் ஓவியா. பதினாலு ஊசி. நாலு பேர். அதிலிருந்து அம்மாவைக் கண்டால் ஒதுங்கினாள். மகள் ஒதுங்குவதைப் பார்த்து அம்மாவுக்குப் பயம் இரட்டித்தது.

ஆக்சிலியாவுக்குத்தான் முதலில் தெரிந்தது. அன்று ராத்திரி சார்ட்டுக்குக் கட்டம் போட வந்தவள், குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த ஓவியாவின் காலைப் பார்த்தாள். ஸ்கேலை வைத்துவிட்டு, இஞ்சு டேப்பை எடுத்து இரண்டு புள்ளிக்கும் நடுவே அளந்தாள். அப்புறம் சார்ட்டில் இருந்த பால்பல்லைப் பார்த்தாள்.

"முள்ளு இல்ல, இல்லடி?"

ஓவியா உடைந்துவிட்டாள். "மாதா மேல சத்தியம் பண்ணு. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு பண்ணு."

"பண்ணிட்டேன். ஆனா ஊசி போடணும்டி. எழுதியிருக்குல்ல."

"பதினாலு ஊசிடி ஆக்ஸி! தொப்புள்ல!"

ஆக்சிலியா அந்தத் துண்டுப் பிரசுரத்தை மறுபடியும் விரித்தாள். விரல் வைத்துக்கொண்டே போனவள் ஓர் இடத்தில் நிறுத்தினாள். "இங்க பாரு. 'கடித்த நாயைப் பத்து நாள்கள் கண்காணிக்கவும்.' பத்து நாள் நாய் நல்லா இருந்துச்சுன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். நாளைக்கு ஒம்போதாவது நாள். உளுந்து நல்லா இருந்தா நீயும் நல்லா இருப்ப."

அதே வரியில் 'ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது' என்றும் இருந்தது. அதை இரண்டு பேரும் படித்தார்கள். படிக்காத மாதிரி மடித்து வைத்தார்கள்.

சனிக்கிழமை மதியழகன் விடியும் முன்னே குளித்துத் திருநீறு பூசிக்கொண்டிருந்தான். சனிக்கிழமைகளில் அவன் வீட்டில் மீன் கிடையாது. அமுதம் எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொடுத்தாள்.

"அப்பா, நாங்களும் வர்றோம். ஆக்சிலியாவும் நானும். திருநள்ளாத்துல நாய் நெறைய இருக்குல்ல, பாத்து வரையணும்."

"ஆராய்ச்சியா?" மதியழகன் சிரித்தான். "சரி, ரெண்டு பேரும் என் பக்கத்துல முன்னாடி குந்திக்குங்க. பின்னாடி சவாரி ஏத்தணும்."

அமுதம் வாசலில் நின்று மகளையே பார்த்தாள். "தண்ணி பாட்டில் வச்சிருக்கேன். ரொம்பக் குடிக்காத" என்றாள்.

திருநள்ளாற்றில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். குளத்தில் முழுகிவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். எள்ளெண்ணெய் வாடை, அவிழ்த்துப் போட்ட துணியின் ஈர வாடை, லாட்ஜு வாசலில் பொங்கல் வாடை. தெருவின் ஓரம் முழுக்க நாய்கள். பிஸ்கட் தின்று தின்று அலுத்துப் போய், போட்டதை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டன.

இரண்டு பெண்களும் ஒவ்வொரு கறுப்புக் குட்டியாகக் குனிந்து பார்த்தார்கள். லாட்ஜு படிக்கட்டில் மூன்று. பூக்கடைக்குப் பின்னால் நாலு. ஒன்றின் கழுத்திலும் ரிப்பன் இல்லை. ஒன்றுக்கும் 'உளுந்து' என்று கூப்பிட்டால் காது நிமிரவில்லை.

"பச்சை ரிப்பன்" என்று ஆக்சிலியா சட்டெனக் கையைப் பிடித்தாள்.

எள் விளக்கு விற்கிற ஓர் அம்மாள் தெருவோரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கூடையின் கைப்பிடியில் ஒரு பச்சை ரிப்பன் சுற்றியிருந்தது.

"விளக்கு வாங்கிக்கிறீங்களா பாப்பா?"

"அந்த ரிப்பன்..." ஓவியா கூடையைக் காட்டினாள்.

"இதுவா? ஒரு கருப்புக் குட்டி கழுத்துல கெடந்துச்சும்மா. எந்தப் புண்ணியவானோ போன சனிக்கிழமை கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டான். சும்மா சொல்லக் கூடாது, சுட்டியான குட்டி. இந்தப் பூவாயி முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே திரியும்."

"இப்ப எங்கங்க?"

பூவாயி விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டே சொன்னாள். "புதன்கெழமையிலேருந்து சோறு திங்கல. பால் வாங்கி வச்சேன், அதையும் தொடல. தண்ணியும் குடிக்கல. நேத்து வெள்ளனே வந்து பாக்குறேன், இந்தச் சாக்குக்குப் பக்கத்துலயே வெறச்சுக் கெடக்கு. குப்பை வண்டிக்காரங்கதான் எடுத்துட்டுப் போனாங்க. மனசு கேக்கல, ரிப்பனை மட்டும் அவுத்து வச்சுக்கிட்டேன்."

தெருவின் இரைச்சல் எல்லாம் ஓவியாவுக்கு எங்கேயோ தூரத்தில் கேட்டது. தண்ணியும் குடிக்கல. அவள் பைக்குள் கையை விட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து வாயில் வைத்தாள். தண்ணீர் வாயில் நிறைந்தது. விழுங்கப் பார்த்தாள். தொண்டை மூடிக்கொண்டது. இன்னொரு தரம் முயன்றாள். இறங்கவில்லை. தண்ணீர் மூக்கில் ஏறி, இருமி, சட்டையெல்லாம் நனைந்தது.

"ஓவியா!" ஆக்சிலியா கத்தினாள். அடுத்த நொடி அவள் சத்தியத்தையும் மாதாவையும் விட்டுவிட்டு, ஆட்டோ நிறுத்தம் வரைக்கும் "அங்கிள், அங்கிள்" என்று அலறிக்கொண்டே ஓடினாள்.

மதியழகன் வந்தபோது ஓவியா பூவாயியின் சாக்கில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். கால் முட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, எனக்கு வந்துருச்சுப்பா. தண்ணி எறங்கல."

"என்ன வந்துருச்சு? என்ன பாப்பா சொல்ற?"

"உளுந்து கடிச்சுச்சுப்பா. முள்ளு இல்ல. நீங்க கொண்டு போய் விட்டுருவீங்கன்னு சொல்லல. உளுந்து செத்துப் போச்சுப்பா. அது தண்ணி குடிக்கலையாம்."

மதியழகன் மகளின் காலைத் திருப்பிப் பார்த்தான். இரண்டு புள்ளி, ஒரு கீறல். அவன் முகம் வெளிறிப் போனதை ஆக்சிலியா பார்த்தாள். அவன் திட்டவில்லை. மெல்லத் தன் கட்டைவிரலைப் பார்த்தான். பிறகு நகத்தால் நெம்பிப் பிளாஸ்திரியைப் பிய்த்தான். அங்கேயும் இரண்டு புள்ளி.

"ஸ்பேனர் இல்ல பாப்பா" என்றான். "எறக்கி விடுறப்ப கவ்விருச்சு."

"நீங்க ஊசி போடலையாப்பா?"

"இல்ல."

"ஏம்ப்பா?"

கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. மதியழகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "நான் ஒன்ன மாதிரி இருக்கறப்ப எங்க தெருவுல ஒருத்தரு. கட்டில்ல கட்டி வச்சிருந்தாங்க. ஜன்னல் வழியா பாத்தேன். பாத்திருக்கக் கூடாது. குட்டி கவ்வுனதும் அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்துச்சு. அது இல்ல, அது இல்லன்னு சொல்லி பிளாஸ்திரியப் போட்டு மூடிட்டேன். ஆசுபத்திரிக்குப் போனா அதுதான்னு ஆயிரும்னு பயம்."

பூவாயி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு திரியைத் திரித்தபடியே இருந்தாள். இப்போது கை நின்றுபோனது.

"ஏம்ப்பா, வெளாட்டுக்குக் கவ்வுனாக்கூடவா?"

மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பால்பல்லுதான. முந்தானைன்னு நெனச்சு கையைக் கவ்வும். ரெண்டு மூணு தடவ..." பூவாயி மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். கோடு கோடாக இருந்தது. "சுண்ணாம்பு வச்சேன். காஞ்சிருச்சே?"

"காஞ்சா போதாதுங்க" என்றாள் ஆக்சிலியா. குரல் நடுங்கினாலும் வாசகம் தப்பவில்லை. "'அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிகவும் அரிது.' அரிதுன்னா..."

"போதும் ஆயி, போதும்! சனிக்கெழம பொழுதுல வெளக்குக் கடையைப் போட்டுட்டு எங்க வர்றது நான்?"

"கூடையோட ஏறுங்க" என்றான் மதியழகன். ஆட்டோவில் ஏறிக் காத்திருந்த மூன்று பேரை, "வேற வண்டி பாத்துக்குங்க, ஆசுபத்திரிக்குப் போவுது" என்று இறக்கிவிட்டான். எள் விளக்குக் கூடை ஒரு பக்கம், பூவாயி ஒரு பக்கம், நடுவில் இரண்டு பெண்கள். ஆட்டோ காரைக்காலுக்குத் திரும்பியது. வழியில் வயலெல்லாம் மழைத்தண்ணீர் நின்று வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஓவியா அதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

பெரியாஸ்பத்திரியில் நாய்க்கடிக்கென்று தனியாக ஒரு வரிசை நின்றது. அத்தனை பேர் கடி வாங்கியிருக்கிறார்களா என்று ஓவியாவுக்கு ஆச்சரியம். டாக்டரம்மாவுக்கு இளம் வயது. மூன்று பேர் சொன்னதையும் கேட்டு எழுதிக்கொண்டு, ஓவியாவை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தண்ணி எறங்கலையா?"

"ஆமாங்க."

"காலையில குடிச்சியா?"

"ஆறு சொம்பு."

டாக்டரம்மா மேஜையில் இருந்த டம்ளரை நீட்டினார். "அவசரமில்ல. ஒரு வாய்."

ஓவியா அப்பாவைப் பார்த்தாள். மதியழகனின் தொண்டை அவளுக்கு முன்னாலேயே விழுங்கியது. அவளும் ஒரு வாய் வைத்தாள். நின்றது. நின்றது. பிறகு இறங்கியது.

"இது பயம். நோய் இல்ல" என்றார் டாக்டரம்மா. "நோய் இவ்வளவு சீக்கிரம் பெரும்பாலும் வராது. ஆனா அது வர்றதுக்கு முன்னாடி ஊசி போட்டாகணும். ஒம்போது நாள் தள்ளிப் போட்டுட்டீங்க. குட்டி எதனால செத்துச்சுன்னு இனிமே நமக்குத் தெரியப் போறதில்ல. வேற நோயாக்கூட இருக்கலாம். ஆனா அதுதான்னு வச்சுக்கிட்டுத்தான் வைத்தியம் பாக்கணும். ஒரு ஊசியும் தப்பக் கூடாது. மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள்."

"தொப்புள்லயாங்க?"

"அதெல்லாம் அந்தக் காலம். கையில. காயத்துலயும் ஒரு மருந்து போடுவேன், அது கொஞ்சம் வலிக்கும்."

கொஞ்சம் இல்லை, நன்றாகவே வலித்தது. ஓவியா பல்லைக் கடித்துக்கொண்டாள். மதியழகன்தான் 'ஐயோ' என்றான். பூவாயி மூன்று கடிக்கும் மூன்று தரம் சனீஸ்வரனைக் கூப்பிட்டாள்.

செய்தி கேட்டு அமுதம் வயல் சேறு காயாத காலோடு ஓடிவந்தாள். நடந்ததைக் கேட்டு, முதலில் மகளை அணைத்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

"அவ சின்னப் புள்ள, மறைச்சா. ஒங்களுக்கு என்ன கேடு? அப்பனும் மவளும் ஒரே வீட்டுல ஆளுக்கொரு காயத்தை மூடிக்கிட்டுத் திரிஞ்சிருக்கீங்க. நான் என்னடான்னா கொல்லையில எறும்பு தேடிக்கிட்டு நிக்கிறேன்!"

"எறும்பா? எதுக்கு?"

"அது ஒங்களுக்கு எதுக்கு?" என்றவள் டாக்டரம்மாவிடம் திரும்பி, "எதுக்கும் சர்க்கரையையும் பாத்துருங்கம்மா" என்றாள். பார்த்தார்கள். சர்க்கரை இல்லை. அமுதம் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை காலை சார்ட்டில் ஒரு தகராறு. 'நாய் கடித்தால்' என்ற கட்டத்தில் ஆக்சிலியா நாலு வரி எழுதி முடித்திருந்தாள். ஒன்று, பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவவும். இரண்டு, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்க வேண்டாம். மூன்று, அன்றே ஊசி. நாலு, எல்லா ஊசியும் தவறாமல். ஓவியா சிவப்பு ஸ்கெட்ச்சை எடுத்து முதல் வரிக்கு மேலே இருந்த கொஞ்ச இடத்தில் '0' என்று போட்டாள்.

"ஏய், ஜீரோலேருந்தா ஆரம்பிப்பாங்க?" என்றான் கார்முகில். "அஞ்சுன்னு கீழ போடு."

"கீழ போட்டா லேட்டாயிரும்டா."

'0. வீட்டில் சொல்லவும்' என்று எழுதினாள். எழுத்து கோணலாக இருந்தது. ஆக்சிலியா திருத்தவில்லை. வெண்மதி டீச்சர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, அப்படியே சுவரில் ஒட்டினார். சாயங்காலம் பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர் அந்தக் கட்டத்துக்கு முன்னால் நின்று தங்கள் பிள்ளைகளின் கைகால்களைத் திருப்பிப் பார்த்தார்கள். கார்முகில் மட்டும் "பதினாலு ஊசின்னு எங்க மாமா பொய் சொல்லிட்டாருங்க" என்று எல்லாரிடமும் விளக்கிக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது ஊசி போட்டாயிற்று. பூவாயியும் கூடையோடு வந்திருந்தாள். இன்னும் இரண்டு ஊசி இருந்தது. இருபத்தெட்டாம் நாளை அமுதம் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். ஊசி போட்டால் பயம் போய்விடும் என்று ஓவியா நினைத்திருந்தாள். குறைந்திருந்தது. போகவில்லை.

புதன்கிழமை வெள்ளனே விழிப்பு வந்தது. மழை விட்டிருந்தது. அம்மா வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டது. வழக்கம் போல ஓவியா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் நின்றது.

மதியழகன் பானைக்கு முன்னால் நின்றிருந்தான். சொம்பு நிறையத் தண்ணீர். குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தான். மூடிய கண்ணோடு காத்திருந்தான். கண்ணைத் திறந்தபோது நிலைப்படியில் மகள் நிற்பதைப் பார்த்தான்.

ஓவியா அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எறங்குதாப்பா?"

"எறங்குது பாப்பா."

சொம்பை அவளிடம் நீட்டினான். அவள் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள். அவன் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒனக்கு?"

"எறங்குதுப்பா" என்று சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள் ஓவியா. "நாளைக்கு என்னையும் எழுப்புங்க. தனியாக் குடிக்காதீங்க."